நுஸ்ஹா கேட்ட கப்பல்

கட்டாரிலிருந்து நுஸ்ஹா அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, அவள் உம்மாவுக்கு ஒரு போர்வை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு போர் விமானம்.

ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் விமானம். அதுவும் முழுசாக இல்லை. வால் இல்லை, ஒரு பக்கச் சிறகு இல்லை, எதை எதோடு ஒட்டுவது என்று சொல்லும் தாளும் இல்லை. அவள் வேலை பார்க்கும் வீட்டில் ஆசைக்கு வாங்கிப் பாதி ஒட்டிவிட்டுக் குப்பையில் போட்டிருந்தார்கள். நுஸ்ஹா பொறுக்கி எடுத்துப் பையில் கட்டி அனுப்பிவிட்டாள்.

"உங்களுக்குத்தானே நுணுக்கமான வேலை புடிக்கும். சும்மா இருக்கிற நேரம் ஒட்டிப் பாருங்க" என்றாள் கணவனிடம் தொலைபேசியில்.

ஸஹீத் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கல்முனைப் பஸாரில் பெயர்ப்பலகை எழுதுகிறவன். சுனாமியில் கடலடித்த பிறகு அவனுக்கு வேலைக்குக் குறைவேயில்லை. கிணறு இறைத்தாலும் பலகை, கக்கூஸ் கட்டினாலும் பலகை, வீடு கட்டப் போகிறோம் என்று சொன்னாலே முதலில் பலகை. எந்த நாட்டுக்காரர் கொடுத்தது, எந்த நிறுவனம் கட்டியது என்று மூன்று மொழியில் எழுத வேண்டும். பகலெல்லாம் மற்றவர்களின் கொடையை எழுதிவிட்டு, மாலையில் மருதமுனைக்குப் போய்த் தகரக் கொட்டிலில் படுப்பான்.

அந்தக் கொட்டில் நின்ற இடத்தில்தான் முன்பு வீடு இருந்தது. நுஸ்ஹாவின் சீதன வீடு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை சட்டை துணியோடு வந்து குடியேறுகிறவன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த வீட்டை அலை அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது. போகும்போது நுஸ்ஹாவின் தங்கை றிஸ்மியாவையும் அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனது.

பள்ளிக்கூடத்து முகாமில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, "வீட்டக் கட்டுறதுக்குத்தான் போறன்" என்று நுஸ்ஹா விமானம் ஏறினாள். முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வருவாள் என்று பார்த்தான். இன்னொன்றுக்குக் கையெழுத்துப் போட்டாள். இதுவும் முடிந்தால் வந்துவிடுவாள். அந்த ஒரு நினைப்பில்தான் ஸஹீதின் வெள்ளிக்கிழமைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜும்ஆ முடிந்து அவன் பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்து அவள் அழைப்பாள்.

பெட்டியை எடுத்த அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது, பாண்டிருப்புக்கு இப்பால் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் சவர்க்காரத்தை மோந்து பார்த்தான். போர்வையை உதறினான். பிறகு விமானத்தின் உடலைத் தூக்கி வெயிலில் பிடித்தான்.

"மே மொகத்த?" இது என்ன என்றான்.

"செல்லம் படுவக், மாத்தயா." விளையாட்டுச் சாமான் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான் ஸஹீத்.

புலிகளின் சின்ன விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்த காலம். விளையாட்டுச் சாமானாக இருந்தாலும் விமானம் விமானம்தான். உள்ளேயிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். விமானத்தையும் பார்த்தார், ஸஹீதின் விரலில் ஒட்டியிருந்த வர்ணத்தையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"தம்பி, இப்ப விமானம் நல்லதில்ல. வேற ஒண்டு செய்யி" என்றார் உடைந்த தமிழில்.

மறுநாள் இதைக் கேட்டு அதாவுல்லா விழுந்து விழுந்து சிரித்தான். வெளிநாட்டுப் பெட்டிகளை இறக்கிக் கொடுக்கும் கடை அவனுடையது. ஸஹீதின் வர்ண டப்பாக்கள் அந்தக் கடையின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

"என்னத்தடா செய்யப்போறா? கப்பல் செஞ்சா கடற்படை புடிப்பான். டாங்கி செஞ்சா ஆமி புடிப்பான்."

"ஒருத்தர்ட படையிலயும் இல்லாத ஒண்டு செய்யிறன்" என்றான் ஸஹீத்.

வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு அது மனதில் உட்கார்ந்துவிட்டது. இந்த உலகத்தில் எவரிடமும் இல்லாத ஒன்று என்றால், இந்த உலகத்துக்கு வெளியே போகிற ஒன்று.

அந்த வெள்ளிக்கிழமை நுஸ்ஹாவிடம் சொன்னான். "புள்ள, நீ அனுப்பின விமானம் இனி விமானமில்ல. விண்கப்பல்."

"என்னது?"

"நட்சத்திரத்துக்குப் போற கப்பல். வேற உலகத்துக்கு."

மறுமுனையில் சிரிப்பு. எத்தனையோ மாதமாகக் கேளாத சிரிப்பு. "அப்ப மாலுமி யாரு?"

"நான்தான்."

"அதெப்பிடி? கப்பல் ஆர்ட? நான் அனுப்பினது. எங்கட ஊருல வீடு பொம்பிளைட. நீங்க வந்து குடியேறின மாப்பிள்ளை. பேசாமப் பின்னுக்கு ஏறி இருங்க. நான் ஓட்டுறன்."

அன்றிலிருந்து அது இரண்டு பேரின் வேலையாகிவிட்டது. அவள் சொல்லுவாள், இவன் செய்வான்.

முதலில் மிஞ்சியிருந்த ஒற்றைச் சிறகையும் அறுத்தெடுத்தான். நகம் வெட்டியால் ஓரத்தை நறுக்கி, அரத்தாளால் தேய்த்து, உடலை மீன்போல வழவழப்பாக்கினான். இயந்திரத்துக்கு மருதமுனைத் தறிகளில் நூல் சுற்றுகிற மரக்குழல்கள் நாலு. பேனாக் குழாய்களைத் தீயில் காட்டி வளைத்து எரிபொருள் குழாய்கள். பற்பசை மூடி, பழைய வானொலியின் திருகு, ஊசி மருந்துக் குழல், காலியான அத்தர் போத்தல்: எல்லாம் கப்பலில் ஏறின. இடைவெளிகளை அடைக்க, வள்ளம் திருத்துகிறவர்களிடம் போய்ப் பைபர் பசை வாங்கி வந்தான். அவர்களும் கைவேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது எத்தின பாகம் ஆழத்துல ஓடும்?" என்றார் ஒருவர்.

"இது கடலுக்குப் போகாது காக்கா" என்று அந்த மூத்தவரிடம் சொன்னான் ஸஹீத்.

"அப்ப புத்தியுள்ள வள்ளம்தான்."

அதாவுல்லாவுக்கு வேறு கவலை. "எல்லாம் சரி, பலகை எங்கடா? இந்த விண்கப்பல் இன்னார் தந்ததெண்டு மூண்டு பாஷையில எழுதாட்டி இது ஓடாதே!"

நுஸ்ஹாவின் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன.

"ஏறுற வாசல் எங்க வெச்சிருக்கீங்க?"

"பக்கத்துல."

"மேல வைங்க. ஏணி வெச்சு ஏறுற மாதிரி. கீழ வாசல் வேணாம்."

பக்கத்து வாசலை அடைத்துவிட்டு, முதுகில் வாசல் திறந்தான்.

"ஜன்னல்?"

"அடியில வட்டமா நாலு. கீழ உலகம் தெரியும்."

"அடியில வேணாம். மேல மட்டும் வைங்க. வானம் தெரிஞ்சாப் போதும்."

ஆசையாகத் துளைத்த நாலு ஜன்னலையும் பசை போட்டு மூடினான்.

"பொருத்தெல்லாம் இறுக்கமாத்தானே இருக்கு? தண்ணி உள்ள வராதே?"

"புள்ள, அது ஆகாயத்துல போறது. அங்க எங்கால தண்ணி?"

"கேட்டன் சும்மா." கொஞ்சம் பொறுத்து, "இறங்கிற இடத்துல?" என்றாள். "இறங்கிற உலகத்துல கடல் இருக்கா?"

"இருக்கா இல்லையா எண்டு நீதான் சொல்லணும், மாலுமி."

"இல்ல" என்றாள் நுஸ்ஹா உடனே. "அங்க இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். மேலுடலுக்குச் சாம்பல் வர்ணம் அடித்தான். பஞ்சைத் தொட்டுத் தொட்டு, வெகுதூரம் ஓடித் தேய்ந்த கப்பல்போலப் புகையும் துருவும் ஏற்றினான். வேலை முடிந்த அன்று, தானே செய்ததை அந்நியனைப்போல நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அது எங்கேயோ இருந்து வந்தது போலவும், திரும்பப் போவதற்கு ஆளுக்காகக் காத்திருப்பது போலவும் இருந்தது.

அதே வாரம் வீட்டு விஷயமும் கைகூடியது. ஒரு நிறுவனம் கட்டித் தர ஒப்புக்கொண்டது. எங்கே கட்டுவது என்று மாமியிடம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நுஸ்ஹாவின் உம்மா சபூறா பழைய வீட்டு மண்ணைவிட்டு அசைகிற ஆள் இல்லை. சீதனக் காணி, சீதன இடம். அத்திவாரம் போட்டார்கள். அதற்கு முன்பே ஸஹீதின் பலகை நட்டாயிற்று.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். புது அத்திவாரத்தின்மேல் மூங்கில் நட்டு, கண்ணுக்குத் தெரியாத தங்கூசித் தூண்டில் நூலில் கப்பலைத் தொங்கவிட்டான். பஸாரிலிருந்து படப்பிடிப்புக்காரரைக் கூட்டிவந்து, தரையில் படுக்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னான். படம் அபாரம். காலை வெளிச்சத்தில் கப்பல் உண்மையாகவே பறந்தது. கீழே புது வீட்டின் அத்திவாரம். பின்னால் கரையில்லாத நீலக் கடல்.

டோஹாவுக்குப் போகும் ஒருவரிடம் படத்தைக் கொடுத்தனுப்பினான். பின்பக்கத்தில் தன் நல்ல எழுத்தில், 'மாலுமி வரவேண்டியதுதான் பாக்கி' என்று எழுதினான்.

அந்த வெள்ளிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை.

அடுத்த வெள்ளியும் இல்லை. பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். கூட்டம் கலைந்து, பிச்சைக்காரரும் எழுந்து போன பிறகும் நின்றான்.

பிறகொரு நாள், வெள்ளியும் இல்லாமல் ஒன்றுமில்லாமல், பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது அழைத்தாள்.

"படம் கிடைச்ச."

"எப்பிடி இருக்கு?"

"வடிவா இருக்கு." அவள் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "இஞ்சாருங்க, மெடம் இன்னும் ரெண்டு வருஷம் நில்லெண்டு கேட்டா. ஓமெண்டு சொல்லிட்டன்."

"வீடுதான் எழும்புதே புள்ள! அத்திவாரத்தப் பாக்கல்லயா? இனி என்னத்துக்கு?"

"பாத்தன்" என்றாள். "பாத்தன்." தொடர்பு அறுந்தது.

ஸஹீத் தூரிகையை மண்ணெண்ணெயில் போட்டான். கோபம் வந்தது. கட்டாரின் குளிரறைச் சுகம் பிடித்துவிட்டது என்று நினைத்தான்; வேறு என்னவெல்லாமோ நினைத்தான். அதாவுல்லாவிடம் வெடித்தான்.

"அவ வீட்டுக்காகப் போகல்லடா. என்னெட்ட இருந்து போயிருக்கா."

அதாவுல்லா கடை மேசையில் இருந்த விண்கப்பலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் கேக்கணுமெண்டு இருந்த. என்னடா இதுக்கு அடியில ஒரு ஓட்டையும் இல்ல? முதுகால ஏறணும். நாலு பக்கமும் வள்ளத்துக்குப் பூசுற பசை. ஆகாயத்துக்குப் போறதுக்கு இவ்வளவு பசை என்னத்துக்கு?"

"அவதான் கேட்டா" என்று சொல்ல வாயெடுத்த ஸஹீத், சொல்லவில்லை. கப்பலை வாங்கினான்.

வாசல் உயரத்தில். ஏணி வைத்து ஏறுவதற்கு. கீழே பார்க்க ஜன்னல் இல்லை. பொருத்தெல்லாம் இறுக்கம். தண்ணீர் உள்ளே வராது. இறங்கும் உலகத்தில் கடல் இல்லை.

அவன் விண்கப்பல் செய்துகொண்டிருந்தான். அவளோ அலை வரும்போது ஏறிக்கொள்ள ஒன்று கேட்டிருந்தாள். வாரம் தவறாமல் வாய்விட்டுக் கேட்டிருந்தாள். ஊரில் எல்லோருடைய வீட்டிலும் ஒருவரையாவது கடல் கொண்டுபோயிருந்தது. அதனால் எவருடைய பயமும் தனியாகத் தெரியவில்லை. அவள் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, அவன் அந்தக் கப்பலைக் கடலுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டுப் படமெடுத்து அனுப்பியிருந்தான். வா என்று எழுதியும் அனுப்பியிருந்தான்.

மாலையில் மாமியிடம் போனான். சபூறா கொட்டிலுக்கு வெளியே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கடலடித்த நாளிலிருந்து மீன் தின்பதில்லை என்று இருப்பவள். ஆனால் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவதுமில்லை.

"மாமி, இந்த இடத்துல வீடு வேணாம்."

இராட்டை நின்றது. வீட்டைப் பற்றி மாப்பிள்ளை பேசுவது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல்தடவை.

"என்ன மகன் கதைக்கிறீங்க? அத்திவாரம் போட்டாச்சு."

"நுஸ்ஹா இஞ்ச வரமாட்டா."

"சொன்னாளா?"

"சொல்லல்ல. எனக்குத்தான் இப்ப வெளங்கின."

சபூறா கடலைப் பார்த்தாள். "ஒருத்தி அதுக்குள்ள கிடக்கா. நான் இந்த மண்ண விட்டுட்டு எங்க போக? வெள்ளாப்புல எழும்பினா இதப் பாத்துத்தான் அவளுக்குத் துஆ கேக்கிற."

"உங்கள வரச் சொல்லல்ல மாமி."

"அப்ப?"

"மாவடிப்பள்ளியில என்ட தாத்தா வீட்டுக்குப் பக்கத்துல வாப்பாட மேட்டுக்காணி கொஞ்சம் இருக்கு. நாலு பக்கமும் வயல், கடல் கண்ணுக்குத் தெரியாது. தாத்தாவோட கதைச்சிட்டுத்தான் வாறன். அக்காக்காரி அவ, மனசோட விட்டுத் தந்துட்டா. அங்க கட்டுவம்."

"பொண்டாட்டிய உங்கட வீட்டுப் பக்கம் கூட்டிப் போறதோ?" மாமியின் குரல் உயர்ந்தது. "எங்கட குடியில அப்பிடி ஒரு வழமை இல்ல. என்ட புள்ளைக்குச் சொந்தமா ஒரு வாசல்படி இல்லாம, நாத்துனாட காணியில ஒதுங்கி இருக்கணுமா?"

"காணிய நுஸ்ஹாட பேருல எழுதிக் குடுக்கிறன்."

சபூறா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "மாப்பிள்ளை பொண்ணுக்குச் சீதனம் குடுக்கிறதோ? ஊர் கேட்டா என்ன சொல்லும்?"

"மாப்பிள்ளைக்குப் பைத்தியமெண்டு சொல்லும். ஏற்கெனவே விண்கப்பல் செய்யிறவன்தானே."

மாமி இராட்டையைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள். "நான் இஞ்சதான் இருப்பன். இந்தக் கொட்டில் எனக்குக் காணும்" என்றாள். நூல் ஒருமுறை அறுந்தது, முடிச்சுப் போட்டாள். "றிஸ்மியாவ அவதான் கையில புடிச்சிருந்தா, மகன். என்னெட்ட ஒருநாளும் அதைப்பத்திக் கதைக்கல்ல. நானும் கேக்கல்ல. கூட்டிட்டுப் போங்க."

நிறுவனத்துக்காரருக்கு எங்கே கட்டினாலும் ஒன்றுதான். பாதையிலிருந்து பலகை தெரிந்தால் போதும் என்றார்கள். இதற்கிடையில் மே மாதம் வன்னியில் சண்டை முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள். சாவடியில் பையைத் திறக்கச் சொல்வது குறைந்தது. ஸஹீத் விண்கப்பலைச் சைக்கிளின் முன்கூடையில் பகிரங்கமாக வைத்துக்கொண்டு போனான். எவரும் தடுக்கவில்லை. எவரும் கேட்கவுமில்லை. அதில் ஏற வேண்டியவள் மட்டும் இல்லை.

நுஸ்ஹா இப்போது வெள்ளிக்கிழமைகளில் அழைத்தாள்தான். சுகமா, சுகம், உம்மா எப்படி, அவ்வளவே. கப்பலைப் பற்றிக் கேட்பதில்லை. அவனும் காணியைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் தனக்கே ஒன்று நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. மாவடிப்பள்ளிக்குக் காலையில் போனான், நடுப்பகலில் போனான், மஃரிபு நேரத்தில் போனான். மேட்டில் நின்று, கடல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். வயலில் வேலை செய்தவர்கள், மனுசனுக்கு ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஆவணி வெள்ளி. நெல் முற்றி, அறுவடைக்கு நின்றது. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேராக மேட்டுக்கு வந்து நின்றான். அழைப்பு வந்தது.

"நுஸ்ஹா, நான் மாவடிப்பள்ளியில நிக்கிறன். வீடு இஞ்சதான் கட்டுற. உன்ட பேருல. உம்மா ஓமெண்டுட்டா. கதைக்காத, கொஞ்சம் கேளு."

தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்தான். கை வலித்தது. பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு காதில் வைத்தான். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள். "இஞ்சாருங்க, அது அலைதானே? அங்கயும் கேக்குதுதானே?"

அவனுக்கு இத்தனை நாள் நின்று கேட்டும் இது தோன்றவில்லை. கச்சான் காற்று முற்றிய நெல்லின்மேல் ஓடும்போது, தூரத்தில் இருந்து கேட்பவருக்கு அது கடல்தான். விரிந்து வருகிறது, தாழ்கிறது, திரும்ப வருகிறது.

"இல்ல புள்ள. நெல்லு."

"பொய்."

"பொறு."

வரம்பில் இறங்கி, கைக்கு அகப்பட்ட கதிர்களை ஒரு கொத்தாகப் பிடுங்கினான். தொலைபேசியின் வாயருகே பிடித்து ஆட்டினான். உலர்ந்த மணிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன.

"கேட்டயா? இதுதான். இதுல காத்து அடிக்கிற."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தான். இல்லை.

"கச்சானுக்குக் கேக்காது, சரி" என்றாள் கடைசியில். கடற்கரையில் பிறந்தவள், காற்றை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கச்சான் அலைச் சத்தத்தைக் கடலுக்கே தள்ளிவிடும், வாடை அதைக் கரைக்குக் கொண்டுவரும். "வாடைக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியா" என்றான். "வாடைக்கு இன்னும் நிண்டு பாக்கல்ல."

"வாடைக்கு நிண்டு பாருங்க. இப்பிடியே போனப் புடிங்க. நான் கேக்கிறன்."

"கேட்டுட்டு?"

எங்கோ ஒரு வீட்டில் எவரோ அவளைக் கூப்பிடும் சத்தம், ஒரு கதவு சாத்தும் சத்தம். அவள் போய்விடுவாள் என்று நினைத்தான்.

"இஞ்சாருங்க" என்றாள் நுஸ்ஹா தாழ்ந்த குரலில். "இன்னொருக்கா ஆட்டுங்க."